நோக்குநர் எட்டு பொருத்தமற்றவற்றைக் கூறினார்

1

இந்தக் கதை ஒரு வாக்கியத்தின் மேல் எனக்கு வந்த கோபத்தில் பிறந்தது. வேறு உயர்ந்த காரணம் எதுவும் இல்லை.

அந்த வாக்கியம் ஒரு தடித்த புத்தகத்தின் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. மனத்தை அளக்க முடியும் என்று நிரூபிப்பதற்காக எழுதப்பட்ட புத்தகம். கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது. பதினோரு வருடமாகப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதுகிறார்கள். வாக்கியம் இதுதான்:

"மகளை இழந்த நான்காம் நாள் தொடங்கி ஏழு நாட்கள் சோதிக்கப்பட்ட நோக்குநர் எட்டின் (கல்வியறிவு குறைந்த, உணர்ச்சி அடங்கிய பெண்) வினைநேரத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை; ஆகவே துக்கம் மனத்தின் அடிப்படைச் செயல்களைத் தொடுவதில்லை என்று கொள்ளலாம்."

நோக்குநர் எட்டு நான்தான்.

இதைக் கடைசியில் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். கதை எழுதுகிறவர்கள் முந்தானையில் முடிந்துவைத்ததை நிதானமாக அவிழ்ப்பார்கள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. ஆனால் கதைக்குள் "நான்" என்று எழுதினால் பேனா நகரமாட்டேன் என்கிறது. அதனால் அவளை எட்டு என்றே கூப்பிடப்போகிறேன். அவர்கள் வைத்த பெயர்தான், அவர்கள் மேலேயே போய் விழட்டும்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

அது ஒரு மழைக்காலக் காலை. சன்னலுக்கு வெளியே —

வேண்டாம். மழை பெய்ததா என்று நினைவில்லை. நினைவில்லாததை எழுத இன்னொரு புத்தகம் ஏற்கெனவே இருக்கிறது.

இரண்டாம் முயற்சி:

மனம் என்றால் என்ன என்று மனிதன் கேட்கத் தொடங்கிய நாளிலிருந்து —

இது அந்தப் புத்தகத்தை எழுதிய பெரியவரின் நடை மாதிரி இருக்கிறது. அடித்துவிட்டேன்.

மூன்றாம் முயற்சி:

டக்.

இது இருக்கட்டும். இந்தச் சத்தத்தில்தான் அந்த வீட்டில் பொழுது விடியும். பெரியவரின் பரிசோதனைச் சாலைக்குப் பின்னால் ஒட்டினாற்போல இரண்டு அறை. அதில்தான் கடிகாரக்காரரும் அவர் மனைவி எட்டும் அவர்களுடைய மகளும் குடியிருந்தார்கள். படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் கடிகாரக்காரரின் வேலை அறை. அங்கேதான் அந்த ஆயிரக் கடிகாரம் இருந்தது. ஒரு நொடியை ஆயிரம் துண்டாக வெட்டிக் காட்டும் என்பதால் வீட்டில் அதற்கு அந்தப் பெயர். பெரியவர் படம் வரைந்து கொடுத்தார். பல் பல்லாக அறுத்துச் செய்தது கடிகாரக்காரர்.

அப்படிப்பட்ட கடிகாரத்தை அப்படியே நம்பிவிட முடியாது. மின்கலம் சற்றுச் சோர்ந்தாலும் முள் பொய் சொல்லும். அதனால் தினமும் காலையில் அதற்கு ஒரு பரீட்சை உண்டு. ஒரு இரும்புக் குண்டை இரண்டடி உயரத்திலிருந்து பலகையில் விழ விடுவார். அந்த விழுகைக்கு எந்த ஊரிலும் ஆகிற நேரம் ஒன்றுதான்: ஆயிரத்தில் முந்நூற்று ஐம்பத்துமூன்று. கடிகாரம் என்ன சொல்கிறது என்று பார்ப்பார். பத்து முறை போடுவார், சராசரி எடுப்பார், சோதனை ஏட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்தப் பிசகைத்தான் அன்றைய எல்லா அளவிலிருந்தும் கழிப்பார்கள். பரிசோதனைச் சாலையின் ஒழுக்கம் முழுவதும் அந்தக் குண்டின் மேல்தான் நின்றது.

சுவருக்கு இந்தப் பக்கம் படுக்கையில் கிடந்தபடியே மகள் எண்ணுவாள். நாலரை வயது. சின்ன உருவம், ஓயாத ரீங்காரம். அதனால் கொசு என்று கூப்பிட்டார்கள். அவள் எண்ணக் கற்றுக்கொண்டதே அந்தக் குண்டிடம்தான்.

டக். "ஒண்ணு!"

டக். "ரெண்டு!"

ஆறு வரைக்கும் ஒழுங்காகப் போகும். பிறகு எட்டுக்குத் தாவிவிடுவாள்.

"ஏழு எங்கடி போச்சு?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அப்பா கத்துவார்.

"தூங்குது!"

ஒன்பதாவது குண்டுக்கே பத்து வந்துவிடும். பத்தாவது குண்டுக்கு எண் இருக்காது. அதற்காக மலைத்துப்போகிற ஆள் இல்லை அவள். "இன்னொரு பத்து!" என்பாள்.

"ஆறுலேர்ந்து நேரா அம்மாகிட்ட குதிச்சிட்டா பாரு, எட்டுன்னு" என்று அவர் சிரித்துக்கொண்டே வருவார். "என்ன எட்டாம் நம்பர், சாப்பாடு ஆச்சா?"

3

எட்டு எப்படி எட்டு ஆனாள் என்று சொல்ல வேண்டும்.

அதற்கு முன்னால் பெரியவருக்கு நியாயமாக இரண்டு வார்த்தை. அதுவரை மனத்தைப் பற்றிப் பேசியவர்கள் எல்லாரும் நாற்காலியில் சாய்ந்தபடி பேசியவர்கள். கண்ணை மூடிக்கொண்டு தன் மனத்தைப் பார்த்துவிட்டு, உலகத்தின் மனமெல்லாம் இப்படித்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நரம்பில் செய்தி ஓடும் வேகத்தை அளக்கவே முடியாது என்று படித்தவர்கள் சத்தியம் செய்த காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. அளந்துவிட்டார்கள். அப்படியானால் மனத்தையும் அளக்கலாமே என்று கிளம்பியவர்களில் பெரியவரும் ஒருவர். அவர் மேடையில் அதைச் சொன்னபோது எட்டு கடைசி வரிசையில் நின்று கைதட்டினாள். நானும் சேர்ந்துதான் தட்டினேன் என்று எழுத வேண்டுமோ? இரண்டும் ஒரே கை.

சோதனை எளிது. இருட்டறையில் ஒருவர் உட்காருவார். அவர்தான் நோக்குநர். பொத்தானை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். எதிரே பச்சை விளக்கு வந்ததும் விரலை எடுக்க வேண்டும். விளக்கு வந்த நொடியில் ஓடத் தொடங்கும் முள், விரல் எழுந்ததும் நிற்கும்; அந்த இடைவெளிதான் வினைநேரம். அவ்வளவுதான். பிறகு சுவரில் இருக்கும் குழாய் வழியாக, அந்தக் கணத்தில் மனத்தில் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். பக்கத்து அறையில் உதவியாளர் எழுதிக்கொள்வார்.

உதவியாளருக்கு மாணவர்கள் வைத்த பெயர் மயிரிழை. "மயிரிழை பிசகக்கூடாது" என்று மூச்சுக்கு முந்நூறு முறை சொல்வார். முப்பது வயதிலேயே தலை வழுக்கை என்பதால் அந்தப் பெயர் கெட்டியாக ஒட்டிக்கொண்டது. கடிகாரக்காரரை அண்ணே என்பார், எட்டை அண்ணி என்பார். எட்டின் வீட்டில்தான் பாதிநாள் சாப்பாடு.

ஒருநாள் ஒரு மாணவன் வரவில்லை. "அண்ணி, சும்மா ஒரு மணி நேரம் உட்காருங்களேன்" என்றார் மயிரிழை. உட்கார்ந்தாள். சராசரி, ஆயிரத்தில் நூற்றுத் தொண்ணூறு. மாணவர்களின் அளவு குரங்கு மாதிரி ஏறி இறங்கும், இவளுடையது அசையாது. பெரியவர் ஏட்டைப் பார்த்துவிட்டு, "இது யார் கை?" என்றாராம். அன்றிலிருந்து மூன்று வருடம். சமையலை முடித்துவிட்டு, தலையை முடிந்துகொண்டு, எட்டு மனஇயலை உருவாக்கப் போனாள்.

* புத்தகத்தின் முன்னுரையில் முதல் ஏழு நோக்குநர்களுக்கும் பெயர் இருக்கிறது, பட்டம் இருக்கிறது, நன்றி இருக்கிறது. எட்டாவதுக்கு எண் மட்டும். இதைச் சொல்லும்போது எனக்கு வருகிற கோபம் சின்னக் கோபம்தான். பெரியது பின்னால் வருகிறது.

4

கொசுவுக்குத் தொண்டை அடைப்பான் வந்தது. நான்கு நாள்.

(இங்கே ஒரு பக்கம் எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். அது உங்களுக்கு இல்லை.)

எல்லாம் முடிந்து மூன்றாம் நாள் வரை வீடு நிறைய ஆட்கள். நாலாம் நாள் காலை மயிரிழை வந்து வாசலில் நின்றார். செருப்பைக் கழற்றவும் இல்லை, போகவும் இல்லை.

"அண்ணி… பெரியவர் கேட்கச் சொன்னார். முடியும்னாதான். கட்டாயம் இல்ல."

"என்ன கேட்கச் சொன்னார்?"

"இருட்டறைக்கு வர முடியுமான்னு."

பெரியவர் சொல்லியனுப்பியது அது மட்டுமில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. "இந்த மாதிரி வாய்ப்பு அறிவியலுக்கு அடிக்கடி கிடைக்காது" என்றும் சொல்லியிருக்கிறார். அதை மயிரிழை வாசலிலேயே விழுங்கிவிட்டார். அவருக்கு அவ்வளவு இரக்கம் இருந்தது.

இங்கே எட்டை வாயில்லாப் பூச்சியாக எழுதிவிடலாம். அவளை இழுத்துக்கொண்டு போனார்கள் என்று எழுதினால் நீங்கள் என் பக்கம் வந்துவிடுவீர்கள். ஆனால் அவள் தானாகத்தான் எழுந்து போனாள். என் நாத்தனார், அதாவது கடிகாரக்காரரின் அக்கா, அப்போது கூடத்தில் உட்கார்ந்து, "எல்லாம் விதி, இன்னொண்ணு பிறக்கும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இருட்டறையில் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். கதவைச் சாத்தினால் ஒரு பச்சை விளக்கு மட்டும். அந்த ஏழு நாளும் எட்டுக்குப் போக்கிடம் அதுதான்.

விளக்கு வந்தது, விரலை எடுத்தாள். விளக்கு வந்தது, விரலை எடுத்தாள். குழாயில் ஏதோ சொன்னாள்.

என்ன சொன்னாள்?

முயற்சி ஒன்று: "ஒன்றும் தெரியவில்லை" என்று சொன்னாள். (சொல்லியிருக்கலாம்.)

முயற்சி இரண்டு: "மகளின் முகம் தெரிந்தது" என்று — (இது நாடகம். அடி.)

முயற்சி மூன்று: எட்டு குழாயில் வாயை வைத்து

தெரியவில்லை. மனத்தில் நடப்பதைச் சொல்வதற்கென்றே மூன்று வருடம் பயிற்சி பெற்றவள். ஒரு வார்த்தைகூட நினைவில்லை.

ஏழு நாள் சராசரி: நூற்றுத் தொண்ணூற்றொன்று.

5

இரண்டு வருடம் கழித்துப் புத்தகம் வந்தது. பேப்பரிலும் போட்டார்கள். "தாயின் துக்கம்: அளவுகோல் சொல்வது என்ன?" நாத்தனார் அந்தத் துண்டைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு வந்தார்.

"பேப்பர்லயே போட்டுட்டான் பாத்தியா? உனக்கு ஒண்ணும் ஆகலையாம்."

"அக்கா, அது வேற. விரல் எவ்வளவு வேகமா எழுந்ததுன்னுதான் —"

"நான் அப்பவே நெனச்சேன். நாலாம் நாளே தலைய முடிஞ்சுக்கிட்டுக் கெளம்பினியே. பெத்த வயிறு அப்படிக் கெளம்புமா?"

நாத்தனார் பேச்சு இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடக் கூடியதுதான். எட்டை உறுத்தியது நாத்தனார் இல்லை, கடிகாரம். ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகாத கடிகாரம். அது சொல்கிறது, உனக்குள் எதுவும் அசையவில்லை என்று. அவள் அதை நம்பினாள். இதுதான் பெரிய கோபம், இப்போது வந்துவிட்டது. ஒரு மனுஷி பதினோரு வருடம், தான் தன் மகளுக்காகச் சரியாக அழவில்லை என்று நம்பினாள். அழுகிற போதெல்லாம் அது நடிப்போ என்று உள்ளே ஒருத்தி உட்கார்ந்து நோக்கினாள். அப்படி நோக்கவும் அவர்கள்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

ஒரே ஒரு தடவை கடிகாரக்காரர் வாயைத் திறந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கடிகாரத்தப் போய் நம்புறியே நீ."

"நீங்க செஞ்ச கடிகாரம்தானே. அது தப்புன்னு நீங்களே சொல்றீங்களா?"

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடி. பிறகு மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.

6

இருபத்தாறு நாளுக்கு முன்னால் கடிகாரக்காரர் இறந்துபோனார். அவருடைய கருவிப் பெட்டியைக் கொடுத்துவிடலாம் என்று எட்டு திறந்தாள். அடியில், அரம் சுற்றிவைக்கும் துணிக்குள், கொசு போன அந்த வருடத்துச் சோதனை ஏடு.

எட்டுக்கு அதைப் படிக்கத் தெரியும். கடிகாரக்காரர் மனைவி ஆயிற்றே. பத்து குண்டின் சராசரி அடுத்தடுத்த இரண்டு நாளுக்கு ஒன்றாக வந்ததே இல்லை. 354, 357, 355, 358 என்று ஆடிக்கொண்டேதான் இருக்கும். அந்த வாரத்துப் பக்கத்தைத் திருப்பினாள்.

356. 356. 356. 356. 356. 356. 356.

ஏழு நாளும் கையெழுத்து. எட்டாம் நாள், அதற்குக் கீழே, எறும்பு எழுத்தில்: 311. மின்கலம் மாற்றினேன். 355.

அந்த ஏழு நாளும் அவர் குண்டைப் போடவில்லை. பழைய எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எட்டாம் நாள் போட்டுப் பார்த்தபோது கடிகாரம் அவர் எழுதிவந்த எண்ணைவிட நாற்பத்தைந்து குறைத்துச் சொல்லியிருக்கிறது. அப்படியானால் எட்டின் நூற்றுத் தொண்ணூற்றொன்று இருநூற்று முப்பத்தாறு வரைக்கும் இருக்கலாம். மின்கலம் எந்த நாளில் சோர்ந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

எட்டு தரையில் உட்கார்ந்து கழித்துப் பார்த்தாள். நாற்பத்தைந்து வந்ததும் அவளுக்கு என்ன வந்தது தெரியுமா? சந்தோஷம். என் மகளுக்கு நான் தாமதித்திருக்கிறேன், நாற்பத்தைந்து தாமதித்திருக்கிறேன் என்று. பிறகுதான் வெட்கம் வந்தது. ஆயிரத்தில் நாற்பத்தைந்து பங்கு நொடி! அதற்கு இவ்வளவு மகிழ்கிற அளவுக்கு அவளைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள்.

இங்கே எனக்கு என் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வருகிறது. கடிகாரக்காரர் மேல். குண்டை ஏன் போடவில்லை என்பது எனக்குத் தெரியும், நீங்களும் ஊகித்திருப்பீர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் எண்ண ஆள் இல்லை. அதை மன்னிக்க எனக்கு ஒரு நிமிடமும் ஆகாது. ஆனால் பதினோரு வருடம்? மனைவி தன்னையே தின்றுகொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு, ஏட்டை அரத்துணியில் சுற்றிவைத்துக்கொண்டு? சொன்னால் வேலை போகும், வீடு போகும், பெரியவரின் புத்தகம் சந்தி சிரிக்கும். எல்லாம் சரி. என்னிடம் சொல்லியிருக்கலாம். கண்ணாடியைத் துடைத்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். அவரை நல்லவராக எழுத மூன்று முறை முயன்றேன். மூன்றும் பொய்க் கையெழுத்து மாதிரி இருக்கிறது.

* எட்டுக்கும் பங்கு உண்டு. அந்த ஏழு காலையும் அவள் சுவருக்கு இந்தப் பக்கம்தான் இருந்தாள். டக் என்ற சத்தம் கேட்கவில்லை என்பதை அவள் கவனிக்கவில்லை. கவனிப்பதற்குப் பேர்போனவள்.

7

பெரியவர் போய்ச் சேர்ந்து நாளாகிறது. இப்போது தலைவர் மயிரிழைதான். புதுக் கட்டடம், நீளமான மேசை, மேசை முழுக்க அச்சுத்தாள். புத்தகத்தின் மூன்றாம் பதிப்பு அச்சில் இருந்தது.

"வாங்கம்மா, உட்காருங்க. அவர் தவறினது கேள்விப்பட்டேன். வர முடியல, அச்சு வேலை."

அம்மாவாம். எட்டு அதைக் குறித்துக்கொண்டாள்.

"அச்சு வேலையப் பத்திதான் பேச வந்தேன்" என்று ஏட்டைப் பிரித்து அவர் முன்னால் வைத்தாள்.

மயிரிழைக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு பார்வை. வழுக்கைத் தலை மெதுவாகச் சிவந்தது.

"ஏழு நாளும் ஒரே எண்."

"ஆமா."

"ஒரே எண் வராது."

"வராதுன்னு அவர்தான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்."

"கையெழுத்துப் போட்டிருக்காரே."

"பொய்க் கையெழுத்து." புருஷன் போய் ஒரு மாதம் ஆகவில்லை, சொல்லும்போது எட்டுக்கு நாக்கு எரிந்தது. "அந்த வாக்கியத்த எடுத்துடுங்க. வேற ஒண்ணும் கேட்கல."

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்கக் கூடாது. அந்த வாக்கியம் இப்போ உங்களப் பத்தினது இல்லம்மா. அதுக்கு மேல எத்தனையோ பேர் கட்டிட்டாங்க. அடியில இருக்கிற செங்கல உருவச் சொல்றீங்க."

"செங்கல் சுட்டதா பச்சையான்னு பாத்துட்டுக் கட்டியிருக்கணும்."

"சந்தேகத்த அச்சடிக்க முடியாது. எந்த நாள்லேர்ந்து பிசகுன்னு தெரியாது, எவ்வளவுன்னும் உறுதியா தெரியாது. எண் இருந்தா கொடுங்க, போடறேன்."

"அப்ப துக்கம் தொடுறதில்லைன்னு உறுதியா தெரியுமா?"

அவர் அச்சுத்தாள்களை அடுக்கத் தொடங்கினார்.

"குழாயில நான் சொன்னதெல்லாம் எழுதினீங்களே, அந்த ஏடாவது இருக்கா?"

இருந்தது. அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். எட்டு அந்த வாரத்தைத் தேடிப் பிடித்தாள். மற்ற நாட்களில் குறிப்புப் பத்தி நெருக்கமாக எழுதியிருக்கும். அந்த ஏழு நாளிலும் ஒரே வரி, ஏழு தடவை: நோக்குநர் பொருத்தமற்றவற்றைக் கூறினார்.

"என்ன சொன்னேன்?"

"விடுங்கம்மா."

"நான் சொன்னதுதானே. எனக்கே ஞாபகம் இல்ல. சொல்லுங்க."

மயிரிழை சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு வந்த குரல் பழைய குரல், எங்கள் வீட்டில் இரண்டாம் முறை சாப்பாடு கேட்ட குரல்.

"எண்ணினீங்க அண்ணி. நான் என்ன தெரிஞ்சுதுன்னு கேட்பேன், நீங்க எண்ணுவீங்க. ஒவ்வொரு விளக்குக்கும் ஒண்ணு. ஏழு மட்டும் வராது. ஆறு, எட்டு, ஒன்பது, பத்து. அப்புறம் இன்னொரு பத்துன்னு சொல்லிட்டு மறுபடியும் ஒண்ணுலேர்ந்து. அத எந்தப் பத்தியில எழுதறதுன்னு எனக்குத் தெரியல."

இவ்வளவு காலமும் எட்டு தேடியது அங்கே இருந்திருக்கிறது. குழாய்க்குள் போய், ஒருவர் காதில் விழுந்து, பேனா வரைக்கும் வந்து, நின்றிருக்கிறது.

இந்த இடத்தில் கதையை முடித்திருக்கலாம். மயிரிழையும் எட்டும் சேர்ந்து அழுதார்கள் என்று எழுதி. ஆனால் அவர் திரும்பினார். கண் ஈரமாக இருந்தது, கையில் பென்சில் இருந்தது. ஒரே மனிதனிடம் இரண்டும் எப்படி இருக்க முடியும் என்பதை எந்த மனஇயல் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை.

"அண்ணன் போயி எத்தனை நாள் ஆச்சு அண்ணி?"

"இருபத்தாறு."

"நாலாம் நாள் மாதிரி இருக்காது. ஆனாலும்…" எழுதிக்கொண்டார். "அதே கடிகாரம்தான் இன்னும் ஓடுது. பழைய கட்டடத்துல அதே அறை, அதே நோக்குநர், அதே… நிலைமை. இன்னைக்கு ஒரு எண் கிடைச்சா, பழைய எண்ணோட வச்சுப் பாத்து, வாக்கியத்த நானே எடுத்துடறேன். கடிகாரத்த நம்பலைன்னா உங்க காது கேட்கவே குண்டு போட்டுக் காட்டறேன். இந்த மாதிரி வாய்ப்பு —"

அங்கே நிறுத்திக்கொண்டார். அந்த வாக்கியம் யாருடையது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது போல.

8

முடிவு ஒன்று. எட்டு உட்காருகிறாள். இருநூற்று நாற்பது வருகிறது. மூன்றாம் பதிப்பில் வாக்கியம் மாறுகிறது: "மகளையும் பின்னர் கணவனையும் இழந்த நோக்குநர் எட்டின்…" மகள், கணவன் இரண்டு பேரும் ஒரு தரவுக்குள் அடக்கம். நாத்தனார் பேப்பரைக் கத்தரித்துக்கொண்டு வருகிறார்: "பாத்தியா, உனக்கு ஆகியிருக்காம்!"

முடிவு இரண்டு. நூற்றுத் தொண்ணூறே வருகிறது. அந்தக் கை அப்படிப்பட்டது. வாக்கியம் இன்னும் கெட்டியாகிறது.

முடிவு மூன்று. எட்டு ஏட்டைச் சுருட்டிக்கொண்டு எழுந்து வெளியே போகிறாள். உங்களுக்கு இதுதான் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். ஆனால் வெளியே போனால் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் அப்படியே இருக்கும், அடுத்த வருடமும் பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள்.

அதனால் எட்டு எழுந்து இருட்டறைக்குப் போனாள். நாற்காலி மாறியிருந்தது. குழாய் மாறவில்லை, வாய் வைக்கும் இடத்தில் பித்தளை தேய்ந்திருந்தது, பாதித் தேய்மானம் அவளுடையது. கதவு சாத்தப்பட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் மயிரிழை குண்டைப் போட்டார்.

டக்.

பதின்மூன்று வருடம். டக். ஐந்து. டக். ஆறு. அடுத்தது விழுந்தபோது நான் எதுவும் சொல்லவில்லை.

ஆம், நான். எட்டு என்று எழுதிக்கொண்டே வந்தேன், இந்த இருட்டில் அது முடியவில்லை.

"முந்நூற்று ஐம்பத்துநாலு அண்ணி!" என்று குழாய் வழியாகக் கத்தினார். "பிசகு ஒண்ணே ஒண்ணு. ஆரம்பிக்கலாமா?"

பொத்தானை அழுத்தினேன். பித்தளை குளிர்ந்திருந்தது. ஆயத்த மணி அடித்தது.

பச்சை விளக்கு வந்தது.

முள் ஓடத் தொடங்கிவிட்டது. சுவர் வழியாக அதன் ரீங்காரம் கேட்கிறது. நூற்றுத் தொண்ணூறு எப்போதோ தாண்டியாயிற்று. இருநூற்று முப்பத்தாறும். விரலை எடுத்தால் ஓர் எண் வரும், அது எதுவாக இருந்தாலும் அவர்கள் பக்கத்தில் போய் உட்காரும். நான் எடுக்கவில்லை.

"அண்ணி? விளக்கு தெரியுதா?"

தெரிகிறது.

"அண்ணி, விரல எடுக்கணும்."

கடிகாரக்காரர் செய்த கடிகாரம். ஒரு முறை சாவி கொடுத்தால் ஒரு நிமிடம் முழுக்க ஓடும், பிறகு தானாக நிற்கும். அந்த ஒரு நிமிடத்துக்கு என்ன பெயர் வைப்பார்கள், எந்தப் பத்தியில் எழுதுவார்கள், அவர்கள் பாடு. அதன் பிறகு மயிரிழை பேனாவை எடுப்பாரா, கதவைத் திறப்பாரா, எனக்குத் தெரியாது. எழுதியவளுக்கே தெரியாது.

ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் நீங்களும்தானே இருக்கிறீர்கள். இவ்வளவு நேரம் சும்மா கேட்டுக்கொண்டிருந்தீர்கள். எண்ணுங்கள், சத்தமாக, எனக்குக் கேட்கும்படி. ஆறு வந்ததும் எட்டுக்குப் போய்விடுங்கள்.